காவிரித் திட்டுகளில் பறவைக் குடியிருப்பு



சீரங்கப்பட்டணத்திற்கு அருகே காவிரியின் நடுவில் சிறு திட்டுகள் சில உள்ளன. ரங்கனதிட்டு என்று அவ்விடத்தை அழைப்பர். 'திட்டு' என்னும் சொல் நமக்கும் கன்னடத்தார்க்கும் பொதுவாயிருப்பதைக் காண்க. பரப்பளவு சுமார் 40 ஏக்கர்தான். ஆயினும், கர்நாடக வனத்துறையின் காவலில் உள்ள இச்சிறு இடம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்திட்டுகள் முற்றும் இயற்கையின் ஆக்கமல்ல. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கண்டீரவ நரசராச உடையார் பாசனத்திற்கென ஆற்றின் குறுக்கே அணை ஒன்று கட்டினார். நீர் தேங்கவே, மேட்டு நிலங்கள் தீவுகளாயின. உழவர்க்காகச் செய்த வேலை, பறவைகளுக்கு வீடாயிற்று! பறவையறிஞர் சாலிம் அலி எடுத்துரைத்ததன் பேரில் 1940இல் மைசூர் அரசு இதனைப் புகலிடமாக்கியது.

பறவைகள் ஆற்று நடுவை நாடுவது ஏன்? கோட்டைக்கு அகழி எப்படியோ, கூட்டுக்கு நீர் அப்படி. நரியும் பூனையும் எளிதில் அணுகா. நீரில் முதலைகள் வேறு காவல் இருக்கின்றன. தவறி விழும் குஞ்சினைக் காவற்கூலியாக அவை பெறுவதும் உண்டு. மூங்கிலிலும் மருதிலும் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா ஆகியவை கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியபோதும் நடுவே இடைவெளி தெரியும். பார்ப்பவர் ஊனமென்று எண்ணுவர். நத்தையைக் கையாள்வதற்கு ஏற்ற கருவி அது.

ஆற்று ஆலாவின் நிலைதான் இரங்கத்தக்கது. கோடையில் நீர் வற்றி வெளிப்படும் பாறைகளின் மேல், கூடென்று ஒன்றுமின்றியே அது முட்டையிடும். சில கல் தொலைவு மேலே கிருட்டிணராச சாகர் அணை இருக்கிறது. அங்கிருந்து திறக்கும் நீர் இத்திட்டுகளைத் தழுவியே நம் மேட்டூருக்கு வருகிறது. நீர் திடீரென உயர்ந்தால் முட்டைகள் போயின. மழைக்காலப் பெருவெள்ளமோ திட்டுகளின் கரையையே அரித்துவிடும். 2018, 2019ஆம் ஆண்டு வெள்ளங்களின்போது படகுகளை நிறுத்த நேர்ந்தது. மணல் மூட்டைகளை அடுக்கிக் கரைகளை வனத்துறையினர் காத்திருக்கின்றனர்.

ஒருமுறை என்னுடன் வந்த மாணவன் ஒருவன், "ஐயா, அணை திறக்குமுன் கரையோர ஊர்களுக்கு அறிவிக்கிறார்களே, ஆலாவுக்கு யார் சொல்வார்?" என்று கேட்டான். நான் உடனே விடை கூறவில்லை. படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, முட்டை கிடந்த பாறையைச் சுட்டிக் காட்டினார். நீர் அதற்கு ஒரு சாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது.