சிதம்பரத்துக்குக் கேட்காத இடி

கடலூர் முதுநகரில் பஸ் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டிச் சிதம்பரம் வருவதற்குள் ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிடலாம். போன மார்கழியில் நான் கேட்டுக்கொண்டு வந்தது, ருத்ராவின் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ'. அந்த 'ஐ' ஒன்று என்ற எண் அல்ல, 'நான்'.

ருத்ரா, 1992இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. பேஸ் கிதார் வாசித்தபடி பாடுகிறவர் கதிர், டிரம்ஸ் சிவா. முதல் ஆல்பம் வர 1998 ஆகிவிட்டது. 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்களில் வேதாந்தத்தையே தொடராகப் பாடினார்கள். அடிவயிற்று உறுமல், அதற்கு நடுவே தெளிவாக ஒரு சுலோகம், கீழே ஓயாத டிரம்ஸ். ஸ்வீடனின் பாத்தரி குழு வைக்கிங் மூதாதையரைப் பாடியபோது கொண்டாடியது மெட்டல் உலகம். 'வேதிக் மெட்டல்' என்று ருத்ராவுக்கும் அங்கே ஒரு பெயர் கிடைத்தது. சிங்கப்பூரில் அவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகூட எழுதப்பட்டது. 2022இலும் ஓர் ஆல்பம் வந்தது. ஆனாலும், ருத்ரம் என்ற வேத மந்திரத்தை நாள்தோறும் ஓதும் சிதம்பரமாகிய தில்லையில் இந்த ருத்ராவை அறிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சத்தம் அதிகம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடராஜர் சந்நிதியில் சாயங்கால தீபாராதனைக்கு மணிகள் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த முழக்கத்துக்காகவே போகிறவர்கள் நாம். பாட்டென்றால் நமக்குச் சினிமா, கோயில், கச்சேரி. இந்த மூன்று வாசலில் எதன் வழியாகவும் வராத பாட்டை யார் நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? ருத்ராவின் மொழியும் பெரும்பாலும் ஆங்கிலம், சமஸ்கிருதம். தமிழில், தேவாரத்தில் இல்லாத ருத்திரனா? அந்தத் தேவாரச் சொற்களைக் கதிரின் குரலில் கேட்க எனக்குத் தீராத ஆசை.

அந்த மார்கழி நாளில், சிதம்பரம் கீழவீதியில், விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்த தவில்காரர் ஒருவரிடம் இயர்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அடியில ஓடுதே, அது கையா தம்பி?"

"இல்லண்ணே, காலு. ரெண்டு காலாலயும் மிதிக்கிறாரு."

"ரெண்டு காலுமா?" என்றவர், "இன்னொரு தடவ வைங்க" என்றார்.