துருவும் தூரிகையும்

அவிசாவளையைக் கடந்து யட்டியாந்தோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள தெஹியோவிட்டவை நம் வாசகர் பலர் அறிவர். இறப்பர் மரமும் மழையும் அப்பகுதியின் பிரிக்கலாகாத இரு அடையாளங்கள். மழை மரத்துக்கு நட்பு, இரும்புக்கோ பகை. மைதான ஓரத்து இரும்புத் தடுப்புகளைச் சில ஆண்டுகள் கவனியாது விட்டால் அவை செம்மண் நிறம் எய்திவிடும்.

இத்தகைய ஊர்களில், ஆட்டம் பார்க்க வரும் இரசிகரே ஒரு விடுமுறை நாளில் தூரிகையும் வாளியுமாக வந்து அத்தடுப்புகளுக்கு வர்ணம் பூசினால் என்ன? இதனை வெறும் அழகூட்டும் வேலையென எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தடுப்பு என்பது மக்கள் சாய்ந்து நிற்கும் பொருள். பின்னால் நிற்பவர் நெருக்கும்போது முன்னால் நிற்பவரின் உயிரைத் தாங்குவதும் அதுவே.

1946 மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தின் போல்டன் நகரில், பேர்ண்டன் பார்க் மைதானத்தில், போல்டன் வொண்டரர்ஸும் ஸ்டோக் சிட்டியும் மோதிய உதைபந்தாட்டத்தைக் காண 80,000 பேருக்கு மேல் திரண்டனர் என்பது கணிப்பு. அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தின் நெருக்கத்தில் இரு தடுப்புகள் சரிந்தன. 33 பேர் மாண்டனர். சற்றுநேர இடைநிறுத்தத்தின் பின் ஆட்டம் தொடர்ந்து நடத்தப்பட்டது என்பதை இன்று படிக்கையிலும் நெஞ்சு கனக்கிறது. அங்கே குற்றம் கூட்டத்தை அளவின்றி விட்டமையே. எனினும் ஓர் இரும்புக் கம்பியை நம்பி எத்தனை உயிர்கள் நிற்கின்றன என்பதை உலகம் அன்று கண்டது.

இரசிகர் கைகளால் ஒரு மைதானமே எழுந்த கதையும் உண்டு. ஜெர்மனியின் பேர்லின் நகரத்துக் கோபெனிக் பகுதியில் யூனியன் பேர்லின் கழகம் இருக்கிறது. அதன் மைதானத்துப் படிக்கட்டுகள் பழுதுற்றன. கழகத்திடமோ போதிய பணமில்லை. 2008இலும் 2009இலும் 2,000க்கும் மேற்பட்ட இரசிகர் ஊதியமின்றி ஏறத்தாழ 140,000 மணிநேரம் உழைத்து அவற்றைப் புதுப்பித்தனர். தொழில் தெரிந்தவர் வழிகாட்ட, தெரியாதவர் சுமந்தும் கலந்தும் பூசியும் உதவினர். 2009 ஜூலையில் மைதானம் மீண்டும் திறந்தது. அவர்கள் நினைவாகக் கட்டடத் தொழிலாளரின் செந்நிறத் தலைக்கவசம் ஒன்று பேருருவில் அங்கே நிற்கிறது. 2019இல் அக்கழகம் ஜெர்மனியின் முதற்பிரிவுக்கும் ஏறியது!

நம் நாட்டுக்கு இது புதுமையன்று. 1958இல் நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரீ. ஆரியரத்ன தம் மாணவரைக் கனதொளுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்று உழைப்பித்ததிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. தோட்டத்து இளைஞர் சங்கங்களுக்கும் சிரமதானம் பழகிய சொல்லே.

ஆயினும் ஒன்றை வற்புறுத்த விழைகிறோம். வர்ணம் பூசுவதிலும் சுரண்டுவதே பெரிய வேலை. துரு தன்னை ஈன்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தைக் கொள்வது. ஆதலால் அதன்மேல் பூசிய வர்ணத்தை அது உள்ளிருந்தே தள்ளிப் பிளந்துவிடும். அதனினும் கேடு, பளபளக்கும் பூச்சு இற்றுப்போன கம்பியை மறைப்பது. தூண் நிலத்தில் இறங்கும் அடிப்பாகத்தில் நீர் தேங்கும். முதலில் அரிப்பதும் அவ்விடமே. கம்பித் தூரிகையால் தேய்க்கும் இளைஞனின் கண்ணுக்கே அது முதலில் படும். பொருக்கு உதிர்ந்து கம்பி மெலிந்திருக்குமாயின் அதனைப் பூசாமல் அடையாளமிட்டு, பொறுப்பானவருக்கு அறிவித்து, வெட்டி மாற்றச் செய்தல் வேண்டும். பெருங்கூட்டம் சாயும் தடுப்பாயின் பொறியியலாளர் பார்த்தேயாக வேண்டும்.

மாணவ மணிகள் ஆர்வத்துடன் முன்வருவர், வரவேற்போம். ஆனால் பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதைச் சுரண்டும் பணியைப் பெரியோர் ஏற்று, நனைத்துச் சுரண்டி, வாய்மூக்கை மூடி, உதிர்ந்ததைத் திரட்டி அப்புறப்படுத்துக. சிறுவருக்கு மேற்பூச்சு வேலை போதும். துரு நீங்கிய அன்றே துருத்தடுப்பு அடிப்பூச்சு, அது காய்ந்தபின் இருமுறை மேற்பூச்சு.

காலம் எதுவெனில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களே அப்பகுதிக்கு ஏற்றவை. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அப்பொழுதும் காலைப் பனி உலர்ந்த பின்னரே தூரிகையை எடுக்கவேண்டும். மாலை மழை வருமுன் வாளியை மூடிவிடவேண்டும்.