மரந்தின்னும் கறையான்களின் குடல் நுண்ணுயிரிகளும் உணவும்

கறையான் மரத்தை அரிக்கும்; ஆனால் அதை முழுமையாகச் செரிப்பது கறையான் மட்டுமன்று. மரத்தின் பெரும்பகுதி செல்லுலோசு, எமிசெல்லுலோசு, லிக்னின் ஆகியவற்றால் ஆனது. செல்லுலோசைச் சிதைக்கும் நொதியைக் கறையான் தானும் ஓரளவு சுரக்கிறது. அதற்கான மரபணு கறையானுக்கே உரியது என்பது 1998-இல் உறுதியானது. எனினும் மிகுதியான வேலை பின்குடலில் வாழும் நுண்ணுயிரிகளால்தான் நடக்கிறது. அங்கு எந்த உயிரி தங்கும், எது அழியும் என்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதை முதலில் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் எல். ஆர். கிளீவ்லாண்டு. தொன்மையான கறையான் குடும்பங்களின் பின்குடலில் கசையிழை கொண்ட ஒருசெல் உயிரிகள் நிறைந்திருக்கும். 1920-களில் அவர் பட்டினி, வெப்பம், மிகை ஆக்சிசன் ஆகியவற்றின் மூலம் இவற்றை அகற்றினார். அவற்றை இழந்த கறையான்கள் வழக்கம்போல மரத்தைத் தின்றன. ஆயினும் சில வாரங்களில் மடிந்தன. உயிரிகளை மீண்டும் பெற்றவை பிழைத்துக்கொண்டன. வயிறு நிறைய உண்டும் பட்டினிச் சாவு! பட்டினி எல்லா உயிரிகளையும் ஒரே நேரத்தில் கொல்வதில்லை, சில இனங்கள் முந்தியும் சில பிந்தியும் மறைகின்றன என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது.

ஃபார்மோசன் கறையான் (கோப்டோடெர்மிஸ் ஃபார்மோசானஸ்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபார்மோசா என்பது தைவானின் பழைய பெயர். இக்கறையானின் பின்குடலில் மூவகைக் கசையிழை உயிரிகள் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது சூடோட்ரைக்கோநிம்பா. நீண்ட சங்கிலிகளாலான செல்லுலோசைச் சிதைப்பது முதன்மையாக இதன் பணி. மர உணவு நின்றால் பெரும்பாலும் முதலில் மறைவதும் இதுவே. சிறிய உயிரிகள் இன்னும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. சூடோட்ரைக்கோநிம்பாவின் செல்லுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அதன் முழு மரபணுத் தொகுதி 2008-இல் வெளியானது. காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தி அமினோ அமிலங்களாக்கும் திறன் அதற்கு இருப்பது அப்போது தெரிந்தது. மரத்தில் நைட்ரசன் மிகமிகக் குறைவு என்பதால் இந்த உதவி கறையானுக்கு இன்றியமையாதது. ஆகவே தவறான உணவு பெரிய உயிரியை அழித்தால், அதற்குள் இருக்கும் பாக்டீரியாவும் அது தந்த நைட்ரசனும் சேர்ந்தே போகின்றன. கறையான் குடலில் நைட்ரசன் நிலைப்படுத்தல் நடப்பதை 1973-இல் ஜான் பிரெஸ்னாக்கும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருந்தனர். உணவில் நைட்ரசன் சேர்மங்கள் மிகுந்தால் இச்செயல் தளர்வதையும் அவர்கள் கண்டனர். உணவு மாறும்போது, எந்த உயிரி இருக்கிறது என்பதோடு அது என்ன செய்கிறது என்பதும் மாறுகிறது.

அப்படியானால் ஒரு மரத்தை விட்டு வேறு மரத்துக்குப் போனதும் குடல் முழுவதும் மாறிவிடுமா? இல்லை. கறையான்கள் ஒன்றன் பின்குடல் நீர்மத்தை மற்றொன்று உண்ணும் பழக்கம் கொண்டவை. தோலுரிக்கும்போது தொன்மைக் குடும்பக் கறையான்கள் கசையிழை உயிரிகளை இழந்துவிடுகின்றன. கூட்டாளிகளிடமிருந்து இவ்வழியில் மீண்டும் பெறுகின்றன. ஒரு புற்றின் நுண்ணுயிரிகள் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதால், சில வார உணவு மாற்றம் அவற்றை எளிதில் அசைத்துவிடாது.

நீண்ட காலக் கணக்கில் பார்த்தால் நிலைமை வேறு. இன்றுள்ள கறையான் இனங்களில் பெரும்பாலானவை டெர்மிட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பம் கசையிழை உயிரிகளை அடியோடு இழந்துவிட்டது. கோஸ்டா ரிகாவில் சேகரித்த மரந்தின்னி நாசுடிடெர்மிஸ் கறையானின் பின்குடலை 2007-இல் ஆராய்ந்தபோது, மரத்தைச் சிதைக்கும் மரபணுக்கள் சுருளுயிரிகளிடமும் ஃபைப்ரோபாக்டர் வகைப் பாக்டீரியாக்களிடமும் இருந்தன. போன உயிரிகளின் வேலையைப் பாக்டீரியாக்கள் ஏற்றுக்கொண்டன எனலாம். அதே குடும்பத்தில் மண்ணை உண்பவற்றின் குடலில் வேறு கூட்டங்கள் மிகுகின்றன. குடல் வெளியிடும் பொருள்களும் வேறுபடுகின்றன: மரந்தின்னிகளின் குடலில் ஐதரசனின் பெரும்பகுதி அசிட்டேட்டாக மாறிக் கறையானுக்கே உணவாகிறது, மண்தின்னிகளிலும் பூஞ்சை வளர்ப்பவற்றிலும் மீத்தேன் உருவாவது கூடுகிறது.

தமிழ்நாட்டு வயல்வெளிகளில் காணும் பெரிய மண்புற்றுகள் பலவும் இந்தப் பூஞ்சை வளர்க்கும் வகையினுடையவை. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அப்பூஞ்சையின் கனியுடல்தான். இவை செத்தையையும் மரத்துண்டுகளையும் பூஞ்சைத் தோட்டத்தில் இட்டு, நைட்ரசன் செறிந்த பூஞ்சையையும் அது பதப்படுத்தியதையும் உண்கின்றன. இவற்றின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டால், நெருங்கிய உறவான மரந்தின்னிகளைவிடத் தூரத்து உறவான கரப்பான்பூச்சிகளையே அவை அதிகம் ஒத்திருக்கின்றன.