ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

காந்தம் என்றால் இரும்பைத் தன்பால் ஈர்ப்பது என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் உள்ளே ஒவ்வோர் அணுவும் காந்தமாகவே இருந்தும், அடுத்தடுத்தவை எதிரெதிர்த் திசை நோக்கி நின்று ஒன்றின் சக்தியை மற்றொன்று அழித்துவிடுவதால், வெளியே யாதொரு காந்த லட்சணமும் தோன்றாத பதார்த்தங்களும் உண்டென்று 1930களில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி நேயல் ஊகித்துரைத்தார். எதிர்ஃபெரோகாந்தம் எனப்படும் இவ்வொழுங்கு 1949இல் மாங்கனீசு ஆக்ஸைடில், நியூட்ரான் கதிர்களின் துணையால் நிரூபணமாயிற்று.

இந்த ஒழுங்கோடு எதிர்பாராமல் கைகோத்தவை இடத்தியல் மின்காப்பான்கள்; அவை உள்ளே மின்சாரத்துக்கு இடங்கொடாமல் மேற்பரப்பில் மட்டும் எலக்ட்ரான்களைத் தாராளமாக ஓடவிடுபவை. அந்த ஓட்டத்துக்குக் காவல், காலத்தைத் திருப்பினாலும் மாறாத ஒரு சமச்சீர். காலம் திரும்பினால் காந்தத்தின் திசை தலைகீழாகும் ஆதலால், காந்தம் புகுந்த இடத்தில் அக்காவல் குலைந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் எதிர்ஃபெரோகாந்தத்தில், அவ்வாறு தலைகீழான அணுக்காந்தங்களை ஓர் அடுக்கு தூரம் நகர்த்தினால் பழைய ஒழுங்கே மீண்டும் அமைந்துவிடுகிறது. இந்த இரட்டைச் செயலே புதிய காவலாகும் என்று 2010இல் ராஜர் மாங், ஆண்ட்ரூ எஸ்ஸின், ஜோயல் மூர் ஆகிய மூவரும் கணிதத்தால் காட்டினர். இத்துறையின் மிக அழகிய கருத்து இதுவே என்பேன்.

கணிதம் சொன்ன பதார்த்தம் இதுவென்று 2019இல் அறிவிக்கப்பட்டது, மாங்கனீசும் பிஸ்மத்தும் டெல்லூரியமும் சேர்ந்த ஒரு படிகம். ஏழு அணுத்தளங்கள் கொண்டது அதன் ஓர் அடுக்கு: டெல்லூரியம், பிஸ்மத், டெல்லூரியம் என மேலே மூன்று, அதே மூன்று கீழே, நடுநாயகமாக மாங்கனீசு. அடுக்குகளின் பிணைப்பு நொய்தாகையால், சுவடியின் ஓலைகளைப் போல அவற்றைப் பிரித்தெடுக்க முடியும். சுமார் 25 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும், ஓர் அடுக்கின் மாங்கனீசுக் காந்தங்கள் யாவும் மேல்நோக்கினால் அடுத்த அடுக்கினுடையவை கீழ்நோக்கும்.

ஆச்சரியம் அடுக்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்தார் ஐந்தடுக்குத் துண்டொன்றை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, வெளிக்காந்தத்தின் உதவி சிறிதும் இன்றி, 1.4 கெல்வினில், மின்சாரம் படிகத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய விரயமே இல்லாமல் ஒரே திசையில் ஓடியது. அதன் ஹால் மின்தடை (ஓட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அவ்வோட்டத்தால் வகுத்த அளவு), இயற்கையின் மாறிலிகள் மட்டுமே நிர்ணயிக்கும் 25,813 ஓம் என்னும் அளவை நெருங்கி நின்றது. இவ்விளைவை முதன்முதலில் 2013இல், க்ரோமியம் கலந்த படிகத்தில் காண்பதற்கு 0.03 கெல்வின் வரை குளிரூட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆறாவது அடுக்கு ஒன்று சேர்ந்துவிட்டாலோ, மேற்பரப்பும் அடிப்பரப்பும் எதிரெதிர்க் காந்தம் தாங்குவதால் இரண்டின் ஹால் விளைவும் தம்முள் கழிந்து பூஜ்யமாக, ஓரத்து ஓட்டமும் நின்று, ஆக்ஸியான் மின்காப்பான் என்னும் வேறொரு ஸ்வபாவத்தை அது மேற்கொள்கிறது.

ஆனால் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. மேற்பரப்பின் காந்த ஒழுங்கு, எலக்ட்ரான்களின் சக்தி நிலைகளுக்கிடையே ஓர் இடைவெளியைத் திறக்கவேண்டும் என்பது சித்தாந்தம். சில பரிசோதனைகளில் அது தெளிவாகத் தெரிய, வேறு சிலவற்றில் அறவே காணப்படவில்லை. மாங்கனீசின் இடத்தில் பிஸ்மத்தும், பிஸ்மத்தின் இடத்தில் மாங்கனீசும் மாறி அமர்ந்துவிடும் குறையே இதற்கு ஹேது என்று பலர் கருதுவதால், அந்தக் குறை குறைந்த படிகங்களை வளர்ப்பதில்தான் ஆய்வுக்கூடங்கள் இப்போது முனைந்திருக்கின்றன.