சுன்னாகத்துக் கழிவெண்ணெய்: கிணறு இறைத்தால் தீருமா?

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் சந்தியிலிருந்து சுன்னாகம் மின்நிலையம் சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் உரும்பிராய் கோப்பாய்ப் பிரதேச செயலகத்துக்கும் சுன்னாகம் உடுவிலுக்கும் உட்பட்டவை. நிலத்துக்குக் கீழே அந்தப் பிரிப்புக் கிடையாது. இரண்டு ஊரும் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நன்னீரைத்தான். அந்தப் படுகைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே சுன்னாகம் நீர்ப்படுகை. ஆகவே அங்கே நிலத்தில் இறங்கிய கழிவெண்ணெய் உரும்பிராய்க்காரருக்கு அயலூர்ச் செய்தி அல்ல.

நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் இலங்கை மின்சார சபைக்கு மின்சாரம் விற்பதற்காகச் சுன்னாகத்தில் எண்ணெயில் இயங்கும் மின்நிலையத்தை நடத்தியது. சுற்றுவட்டக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, தண்ணீர் மணக்கிறது என்று சனங்கள் முறையிட்டார்கள். 2013 இறுதியிலிருந்து 2014 நடுப்பகுதிவரை 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. 2015 ஜனவரியில் போராட்டம் வீதிக்கு வந்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் மின்நிலையம் நின்றது. கிணற்றடியிலேயே வாழ்ந்து பழகிய சனங்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள்.

பொதுத் தொல்லையை அகற்றும்படி கட்டளையிடக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. கொழும்புக்கு ஓடாமல் ஊரவர் தட்டக்கூடிய கதவு அது. பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது கதவு உயர் நீதிமன்றத்தில் திறந்தது. அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர், சுற்றாடல், இயற்கைக் கற்கைகள் நிலையத்தின் தலைவர் ரவீந்திர குணவர்தன காரியவசம். வடக்கின் கிணறுகளுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் வழக்காடியதை நாம் நன்றியோடு பதிவுசெய்ய வேண்டும். தங்களுக்கு முன்னரே அங்கு மின் உற்பத்தி நடந்தது, மாசு பழையது என்று நிறுவனம் வாதிட்டது. 2019 ஏப்ரல் 4 அன்று நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கியது. கண்காணிக்க வேண்டிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமை தவறியதையும் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர்களில் அதிகபட்சம் 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 ரூபா வரை.

தீர்ப்பு பெரியது, தொகை சிறியது. 40,000 ரூபாவில் ஒருவர் தன் கிணற்றை இறைத்துச் சேறு வாரலாம். ஆனால் மாசு தொடங்கிய இடம் கிணறு அல்ல. வலிகாமத்தில் செம்மண் அதிக ஆழமில்லை. அதன் கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே கொட்டிய எண்ணெயில் ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் வெடிப்புகள் வழியே இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மாரியில் நீர்மட்டம் உயர எண்ணெயும் உயரும், கோடையில் இறங்கும். ஏறி இறங்கும்போதெல்லாம் கல்லிடுக்கில் கொஞ்சம் தங்கும். மண்ணைத் தொடாமல் கிணற்றை மட்டும் இறைத்தால் அடுத்த மாரியில் எண்ணெய் திரும்பி வரக்கூடும்.

சுத்தம் என்பதை எந்த அளவால் தீர்மானிப்பது என்பதுதான் இதில் கடினமான கேள்வி. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு காரணமாக 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வர 2016 ஆயிற்று. அதன் பின்னும் மண்ணைப் பற்றிய தர்க்கம் ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை அங்குள்ள செயற்பாட்டாளர்கள் ஏற்கவில்லை. இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றார்கள். அளவை நிர்ணயிக்கும் மேசையில் ஊரவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதே அவர்களின் போராட்டம் நமக்குத் தரும் பாடம்.

உரும்பிராய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் யூரியாவும் வீட்டு மலக்குழிகளும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, செறிவுதான் கூடும். ஆகவே நீரைச் சோதிக்கக் கொடுப்பவர்கள் எண்ணெயோடு நைத்திரேற்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மண்ணும் கிணறுகளும் சோதிக்கப்பட்ட விவரங்களை அதிகாரிகளிடம் கேட்டுப் பெறவும் வழி உண்டு. தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். ஒரு சனசமூக நிலையத்தின் கூட்டத்தில் எழுதி முடிக்கக்கூடிய விண்ணப்பம்தான் இது. மின்நிலைய வளாகத்தின் மண் எந்த ஆழம் வரை சோதிக்கப்பட்டது, எவ்வளவு மண் அகற்றப்பட்டது, அது எங்கே கொண்டுபோகப்பட்டது, கோப்பாய்ப் பக்கத்துக் கிணறுகள் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன என்ற நான்கு கேள்விகளையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். மாரி தொடங்குமுன் ஒரு தடவை, நீர்மட்டம் உயர்ந்தபின் இன்னொரு தடவை பரிசோதனை முடிவுகளைக் கோருவதும் அதில் சேர வேண்டும்.