வீட்டுக்கு அடியில் மெட்ரோ: சுவர் அசைவதைக் கருவிகள் எப்படி அறிகின்றன?

காரைக்காலில் மெட்ரோ ரயில் இல்லை. ஆனாலும் சென்னை மண்ணடியிலோ ராயப்பேட்டையிலோ சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். மண்ணடி நிலையம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் சுரங்கப்பாதை ஆயிரம் விளக்கு, ராயப்பேட்டை, மயிலாப்பூர் வழியாகச் செல்கிறது. அடியில் குடைந்தால் பழைய வீடு தாங்குமா என்ற கவலை நியாயமானதே.

இயந்திரம் குடையும்போது சுற்றியுள்ள மண் கொஞ்சம் தளரும். மேலே தரை, கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதைப் போல லேசாக இறங்கும். வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய பாதிப்பில்லை. ஒரு மூலை இறங்கி மறு மூலை நின்றுவிட்டால்தான் சுவர் பிளக்கிறது.

எந்த வீடு எவ்வளவு இறங்கும் என்பதைக் கணினி மாதிரி முன்கூட்டியே கணிக்கிறது. பிறகு சுவர்களில் சிறு கண்ணாடிப் பட்டகங்களைப் பொருத்துவார்கள். எதிரே நிற்கும் தானியங்கி அளவைக் கருவி இரவு பகலாக அவற்றைப் பார்த்து, மில்லிமீட்டர் அசைவையும் பதிவு செய்யும். மினாரா போன்ற உயரமான கட்டடத்துக்குச் சாய்வுமானி உண்டு. நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. அளவு எல்லை தாண்டினால் பொறியாளருக்கு எச்சரிக்கை போகும். லண்டனில் ஜூபிலி பாதை அமைத்தபோது, பிக் பென் கோபுரத்தின் சாய்வை இப்படி அளந்துகொண்டே, அடியில் சிமெண்ட் கலவையைச் செலுத்திக் கட்டுப்படுத்தினார்கள்.

கருவி இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கொல்கத்தா பவ்பஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று இயந்திரம் நீர்த்தாங்கி மண்ணில் மோதியது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே வீடுகள் இடிந்தன, நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 2022-இலும் அதே பகுதியில் விரிசல்கள் கண்டன. அடியில் உள்ள மண்ணை முன்பே சரியாக அறியாவிட்டால் கணினியின் கணக்கும் பிழையாகத்தான் இருக்கும்.

விரிசலுக்கும் அளவு உண்டு. ஒரு மில்லிமீட்டர் வரை என்றால் பூச்சு வேலையோடு முடியும். ஐந்தைத் தாண்டினால் கதவு, ஜன்னல் இறுகும். இருபத்தைந்தைத் தாண்டினால் கட்டடமே ஆபத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த விரிசல் தோண்டுவதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா? இழப்பீட்டுப் பேச்சு இங்கேதான் முட்டிக்கொள்கிறது. அதனால்தான் பணிக்கு முன் வீடு வீடாக நிலை ஆய்வு செய்கிறார்கள். வாடகைக்கு விடும் அவசரத்தில் பழைய விரிசலைப் பூசி மறைத்தால் பின்னால் நமக்கே நஷ்டம். ஆய்வுக்கு வருவோரை உள்ளே விடுங்கள், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்து, தேதி தெரியும்படி நீங்களும் படமெடுத்து வையுங்கள். உரிமையாளர் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருந்து வீடு பூட்டிக் கிடந்தால், சாவியை நம்பகமான உறவினர் ஒருவரிடம் இப்போதே கொடுத்து வைப்பது நல்லது.