சக்கரவர்த்தியைக் காட்டிக்கொடுத்த செப்புக்காசு: குமரிக்கரையிலிருந்து ஒரு ரோமானியக் கதை!

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயத்தை ஒழிக்கும்போதோ, பாட்டியின் மரப்பெட்டியைத் திறக்கும்போதோ சின்னஞ்சிறு செப்புக்காசு ஒன்று உருண்டு வருவது வழக்கம். பெரும்பாலும் அது திருவிதாங்கூர் காலத்துக் காசாக இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்கு முன்பே அந்தக் காசு செல்லாக்காசாகிவிட்டது. ஆனாலும் அதில் பொறித்த சங்கைப் பார்த்தால் எந்த ராஜ்ஜியத்துக் காசு என்று சொல்லிவிடலாம்.

இதே போல் புளியங்கொட்டை அளவே உள்ள இன்னொரு செப்புக்காசும் தமிழ் மண்ணில் கிடைக்கிறது. பச்சைக் களிம்பு ஏறி, முகம் தேய்ந்து, ஒரு கிராம் சொச்சம் எடையோடு இருக்கும். பழைய பாத்திரக் கடைக்காரர் எடைக்குக்கூட மதிக்கமாட்டார். ஆனால், அதில் இருப்பது சுமார் 1,600 வருடங்களுக்கு முன்பு ரோமாபுரியை ஆண்ட சக்கரவர்த்தியின் முகம்!

அன்றே தெரிந்த குமரி

ரோமானியர்களுக்கும் குமரிமுனைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பேடு, குமரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாழ்நாளின் மிச்சத்தைத் தவத்தில் கழிக்க நினைப்பவர்கள் இங்கே வந்து நீராடுகிறார்கள், ஒரு தேவி இங்கே நீராடியதாக நம்புகிறார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. குமரி பகவதியின் புகழ் அன்றே எகிப்தின் துறைமுகங்கள்வரை போயிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்து நிலநூல் எழுதிய தாலமி, ஆய் நாட்டின் பெருநகரமாக ‘கொட்டியாரா’ என்ற ஊரைச் சொல்கிறார். அது இன்றைய நாகர்கோவிலின் ஒரு பகுதியான கோட்டாறுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கோட்டாறு கம்போளத்தில் இன்று மூட்டை மூட்டையாக இறங்கும் சரக்கைப் பார்ப்பவர்களுக்கு, அந்த ஊர் அன்றும் பெரிய ஊர்தான் என்பதை நம்புவதில் சிரமம் இருக்காது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாண்டிய நாட்டுக்குள் நுழைய ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. கடல்வழியே கிழக்கே போகும் கப்பல் குமரியைச் சுற்றித்தான் ஆகவேண்டும். இரண்டு வழிகளும் சேரும் மூலை இது.

அத்தனை தூரம் அவர்களை இழுத்தது முக்கியமாக ஒரே ஒரு சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு!

பொன் மங்கியது, செம்பு வந்தது

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் மிளகுக்கு விலையாக வந்தவை பளபளக்கும் பொன், வெள்ளி நாணயங்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி புலம்பியது இந்தக் காலத்தில்தான். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு! இங்கே மதிப்பு தங்கத்துக்குத்தான், தலைக்கு இல்லை என்று சொல்வதுபோல இருக்கும் அந்த வெட்டு.

மூன்றாம் நூற்றாண்டில் ரோம் ஆட்டம் கண்டது. உள்நாட்டுப் போர், கொள்ளை நோய், எல்லையில் படையெடுப்பு. சம்பளம் கேட்கும் படைவீரர்களுக்குக் கொடுக்கக் காசு வேண்டும், வெள்ளியோ போதவில்லை. வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். கலந்துகொண்டே போய், கி.பி. 260-களின் முடிவில் ‘வெள்ளி’ நாணயத்தில் இருந்த வெள்ளி 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. காசை நம்புவதற்கு ஆள் இல்லை.

இதைச் சரிசெய்தவர் கான்ஸ்டன்டைன். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு என்ற கணக்கில், சுமார் நாலரை கிராம் எடையில் ‘சாலிடஸ்’ என்ற பொற்காசை அவர் அடித்தார். பல நூற்றாண்டுகள் தரம் குறையாமல் ஓடிய காசு இது. ஆனால் பொற்காசு பணக்காரர்களுக்கும் அரசாங்கத்துக்கும்தான். கீரை வாங்கவும் ரொட்டி வாங்கவும் சாதாரண ஜனங்கள் வைத்திருந்தது செப்புக்காசு. அது தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் குட்டிக் காசுகள்தான்.

காசில் வெற்றி, கோட்டையில் பட்டினி

கி.பி. 395-ல் பேரரசர் தியோடோசியஸ் இறந்தார். சாம்ராஜ்யம் அவருடைய இரண்டு மகன்களுக்கும் பங்கு பிரிந்தது. கிழக்குப் பாதி அர்க்காடியஸுக்கு, மேற்குப் பாதி ஹொனோரியஸுக்கு. ஹொனோரியஸுக்கு அப்போது வயது 10.

அவர்கள் பெயரில் அடித்த காசுகளை வாசித்தால் எல்லாமே சுபிட்சம்தான். ‘ரோமானியரின் பெருமை’ என்கிறது ஒரு காசு. ‘நாட்டின் நலம்’ என்கிறது இன்னொன்று. அதில் வெற்றித் தேவதை ஒரு கைதியைத் தரதரவென்று இழுத்துப் போகிறாள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு அடித்த ஒரு வகைக் காசு ‘நல்ல காலம் திரும்பிவிட்டது’ என்றே அறிவிக்கிறது. செய்தித்தாளோ தொலைக்காட்சியோ இல்லாத காலத்தில், அரசாங்கம் ஒவ்வொரு குடிமகனின் கையிலும் சேர்க்கக்கூடிய ஒரே விளம்பரம் காசு. அதில் யாரும் தோல்வியை எழுதமாட்டார்கள்.

நடந்தது என்ன? கி.பி. 408-ல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். உள்ளே பட்டினி. சக்கரவர்த்தி ஹொனோரியஸோ சதுப்பு நிலம் சூழ்ந்த ரவென்னாவில் பத்திரமாக இருந்தார். முற்றுகையை விலக்க அலாரிக்குக் கொடுக்கவேண்டியிருந்த பட்டியலை வரலாற்றாசிரியர் ஜோசிமஸ் எழுதிவைத்திருக்கிறார். 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டுச் சட்டைகள், சிவப்புச் சாயம் தோய்த்த 3,000 தோல்கள், கடைசியாக 3,000 ராத்தல் மிளகு!

நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு டன். அத்தனையும் நம் மலைச்சரிவுகளின் வழியே வந்திருக்கவேண்டிய கறுப்புத் தங்கம். தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்த்துக் கேட்கும் அளவுக்கு மிளகுக்கு மதிப்பு இருந்தது என்பது ஒரு செய்தி. சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருந்தபோதும் ரோம் நகரால் அதைத் திரட்ட முடிந்தது என்பது அதைவிட முக்கியமான செய்தி.

அதற்கும் அலாரிக் அடங்கவில்லை. 410-ல் நகருக்குள் புகுந்து சூறையாடினான். “ரோம் அழிந்துவிட்டது” என்று சொன்னபோது, ‘ரோமா’ என்று பெயர் வைத்துத் தான் வளர்த்த கோழி செத்துவிட்டதாக நினைத்து ஹொனோரியஸ் பதறினாராம். ஊர் போனது, கோழி பிழைத்தது என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்ததாம். நூறு வருடத்துக்கும் மேல் கழித்துப் புரோகோப்பியஸ் எழுதிய கதை இது. உண்மையோ பொய்யோ, அந்த அரசரைப் பற்றி ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

வைகை, அமராவதி, அழகன்குளம்

இந்தத் தகப்பனும் மகன்களும் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கிறார்கள்?

மதுரையில் வைகை மணலில். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில். ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், அர்க்காடியஸ் ஆகியோரின் காசுகள் கிடைத்தன. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியல் ஆய்வாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1994-ல் அது வெளியானது.

தேய்ந்த காசில் அரசர் யாரென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முன்பக்கம், முகத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளில் நாலைந்து மிஞ்சினாலே போதும். பின்பக்கம், உருவத்தின் காலடியில் ஒரு கோடு; அதற்குக் கீழே அக்கசாலையின் சுருக்கெழுத்து இருக்கும். காசு கான்ஸ்டான்டிநோபிளில் அடித்ததா, அந்தியோக்கியாவிலா, அலெக்சாண்டிரியாவிலா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சில காசுகளில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ரோம் கிறிஸ்தவத்துக்கு மாறிய கதை விரல்நுனி அளவு செம்பில்!

ஏன் இவ்வளவு தேய்மானம்?

இங்கே கிடைக்கும் காசுகளில் பெரும்பாலானவை மிகவும் தேய்ந்தவை. தங்கம் என்றால் எந்த ஊரிலும் உருக்கி விற்கலாம். ஒரு கிராம் செம்பைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து யாருக்கு என்ன லாபம்? அந்நிய வியாபாரிகள் குடியிருந்த தெருக்களில் சில்லறையாக வந்தது என்பது ஒரு கருத்து. மேற்கே பல கைகள் மாறித் தேய்ந்தபிறகு மூட்டையாக வந்து, இங்கே சில்லறைத் தட்டுப்பாட்டுக்குக் கைகொடுத்தது என்பது இன்னொன்று. இலங்கையில் இந்தக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கே இதேபோல உள்ளூரிலேயே நகல் காசும் செய்திருக்கிறார்கள். செலாவணி ஆகாத காசை யாராவது நகல் எடுப்பார்களா?

சில்லறை என்பது நம்பிக்கை. ‘இதை நான் வாங்கிக்கொண்டால் நாளை அடுத்தவர் என்னிடம் வாங்கிக்கொள்வார்’ என்ற நம்பிக்கை இருந்தால்தான் செல்லும். ரோம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு மீன்காரியும் உப்பு வணிகனும் ஹொனோரியஸின் முகத்தை நம்பியிருக்கலாம். அவருடைய சொந்தத் தலைநகரில் அந்த முகத்துக்கு அவ்வளவு மரியாதை இல்லாதபோது!

அந்த மரியாதை அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. ‘இந்தியாவுக்குப் பயணித்தவர்’ என்று பட்டப்பெயர் பெற்ற அலெக்சாண்டிரியா வணிகர் காஸ்மாஸ் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். இலங்கை அரசன் முன்னால் சோபாத்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் ஒரு பாரசீகரும் நின்றார்கள். “உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர்?” என்று கேட்டான் அரசன். பாரசீகர் அளந்து தள்ளினார். சோபாத்ரோஸ் வாய் திறக்கவில்லை. கடைசியில், “இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்” என்று காசுகளைக் காட்டச் சொன்னார். ஒன்று பாரசீக வெள்ளிக்காசு, மற்றது மினுமினுக்கும் ரோமானியப் பொற்காசு. புரட்டிப் பார்த்த அரசன் ரோமானியர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சோபாத்ரோஸை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டானாம்.

பொற்காசின் இன்னொரு வாழ்க்கை நம் பெண்களுக்குத் தெரிந்ததுதான். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் துளை இருக்கிறது, அல்லது மேலே வளையம் பற்றவைத்திருக்கிறது. கழுத்தில் கோத்துப் போடத்தான்! நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் காசுமாலையோடு மணப்பெண் வரும்போது, அந்த ஆசைக்கு வயது ஆயிரத்தைத் தாண்டும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கைக்குக் கிடைத்தால்...

குளங்களின் மாவட்டம் குமரி. கோடையில் தூர் வாரும்போதும், பழையாற்றங்கரையில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும், பச்சை நிறத்தில் ஒரு வட்டத் துண்டு மண்வெட்டியில் சிக்கலாம். அப்போது முதலில் செய்யக்கூடாதது, புளி போட்டுத் தேய்ப்பது. களிம்போடு மிச்ச எழுத்தும் போய்விடும். அமிலமும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். கிடைத்த இடம், ஆழம், கூடவே இருந்த பானை ஓடு, செங்கல் எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்துவையுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். கன்னியாகுமரியிலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது.

1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் இருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. முறையாகத் தெரிவித்தவருக்கு உரிமையும் உண்டு. அரசே அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம்.

ஒரு தேய்ந்த செப்புக்காசுக்குச் சந்தையில் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். ஆனால் ஊர் பேர் தெரியாமல் விற்பனைத் தட்டில் கிடக்கும்போது, அது ஹொனோரியஸின் காசு என்று மட்டும்தான் சொல்ல முடியும். கோட்டாற்றில் இன்ன குளத்தில், இன்ன ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைத்தால், அது நாஞ்சில் நாட்டின் காசு.

வெற்றி, பெருமை, நல்ல காலம் என்று சக்கரவர்த்திகள் காசில் எழுதியதெல்லாம் பொய்த்துப்போயிற்று. அவர்கள் எழுதாத ஒன்றைத்தான் அந்தச் செம்பு பத்திரமாக வைத்திருக்கிறது: அது எங்கெல்லாம் போனது, எத்தனை கைகள் அதை நம்பி வாங்கின என்பதை. அதைக் கேட்கவேண்டுமானால், கிடைத்த இடத்தை மறக்காமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்!